குமரி மலையோரத்தில் கூடாரம்: ரோடு சைக்கிளுக்கு வழி தேடுவது எப்படி

கன்னியாகுமரி மாவட்டத்தின் மலைப்பக்கம் நாலு நாள் கூடாரம் போட்டுத் தங்க வருகிறவர்கள் காரின் பின்னால் சைக்கிளையும் கட்டிக்கொண்டு வருவது இப்போது சாதாரணம். வந்ததும் மலை தெரியும் திசையில் சைக்கிளைத் திருப்புவார்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் வனத்துறை சோதனைச் சாவடி வரும், போன வழியே திரும்ப வேண்டியிருக்கும். பேச்சிப்பாறையைத் தாண்டிக் கோதையாறு போகும் ரோடும், கீரிப்பாறைக்கு மேலே பாலமோர், மாறாமலைப் பக்கம் ஏறும் ரோடுகளும் அப்படித்தான். அனுமதி இருந்தால் மட்டுமே உள்ளே விடுவார்கள். யானை நடமாட்டம் இருந்தால் அதுவும் கிடையாது.

மெல்லிய டயர் போட்டுத் தார் ரோட்டில் ஓட்டும் ரோடு சைக்கிளுக்கு ஏற்ற ரோடுகள் இங்கே மலையை நோக்கிப் போவதில்லை, அடிவாரத்தை ஒட்டி மலைக்குப் பக்கவாட்டில் ஓடுகின்றன. அவற்றைக் கண்டுபிடிக்க முதலில் தண்ணீர் ஓடும் திசையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தண்ணீர் போகும் வழி

மாவட்டத்தின் வடகிழக்கில் மலை, தென்மேற்கில் கடல். கோதையாறும் பரளியாறும் அந்தச் சரிவில்தான் இறங்குகின்றன. இரண்டு ஓடைகளுக்கு நடுவே ஒரு மேடு, மேட்டுக்கு அப்புறம் அடுத்த ஓடை என்று கல்குளம், திருவட்டார், விளவங்கோடு தாலுகாக்கள் முழுவதும் மடிப்பு மடிப்பாகக் கிடக்கின்றன. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் நாஞ்சில் நாட்டு வயல், அதாவது சமதளம்.

இதை வைத்து எந்த ரோட்டையும் மூன்றில் ஒன்றாகப் பிரித்துவிடலாம். ஆற்றோடு மேலே போகும் ரோடு சீரான ஏற்றம். மூன்று முதல் ஐந்து சதவீதம் வரை, அதாவது நூறு மீட்டர் தூரத்துக்கு மூன்று முதல் ஐந்து மீட்டர் உயரம், மிதித்துக்கொண்டே இருக்கலாம். ஆற்றைக் குறுக்கே கடக்கும் ரோடு ரம்பப் பல் மாதிரி, முந்நூறு மீட்டர் தூரத்துக்கு இறக்கம், ஒரு சின்னப் பாலம், உடனே முந்நூறு மீட்டர் தூரத்துக்குச் செங்குத்து ஏற்றம். வரைபடத்தில் இது அப்பாவியாகத்தான் தெரியும். மொத்த உயரத்தைக் கூட்டிப் பார்த்தால்தான் கதை புரியும். மூன்றாவது வகை சானல்கரை, அதாவது பாசனக் கால்வாயின் கரை. தோவாளைச் சானல், அனந்தனாறு, பத்மநாபபுரம் புத்தனாறு, பட்டணங்கால் என்று அணைகளிலிருந்து கிளம்பும் சானல்கள் மலையின் இடுப்பைச் சுற்றி மட்டம் பிடித்துப் போகின்றன. சானல் ஏறி இறங்க முடியாது என்பதால் கரை ரோட்டிலும் ஏற்றம் இருக்காது.

இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போனால் போதும். பட்டணங்கால் தண்ணீர் ஒரு மேட்டிலிருந்து எதிர் மேட்டுக்குத் தொட்டியில் மட்டமாகப் பாய்கிறது. கீழே 115 அடி ஆழத்தில் பரளியாறு. தண்ணீருக்குத் தொட்டி கட்டிக் கொடுத்தார்கள், ரோட்டுக்கு அது கிடையாது. பக்கத்து ரோடுகள் எல்லாம் அந்த 35 மீட்டரை இறங்கித்தான் ஏற வேண்டும். ஒரு நாள் பயணத்தில் இப்படி இருபது மடிப்பைக் கடந்தால் 700 மீட்டர் ஏற்றம் சேர்ந்துவிடும், மலை ஏறாமலே. தொட்டியை ஒட்டிய நடைபாதை நடப்பவர்களுக்கு மட்டும். அங்கே சைக்கிளை ஓட்ட நினைக்க வேண்டாம்.

சானல்கரையை நம்புவதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. எல்லாக் கரையும் தார் போட்டதல்ல. ஊர்ப்பக்கம் நன்றாக இருக்கும் கரை அடுத்த வளைவில் புல்லும் செம்மண்ணுமாகிவிடும். கைப்பிடிச் சுவர் இல்லாத இடங்களே அதிகம், ஒரு வண்டி போகும் அகலம்தான். படித்துறையில் துணி துவைப்பவர்கள், கரையில் கட்டிய ஆடு, குறுக்கே நீளும் கயிறு என்று எதிர்பாராதது எல்லாம் எதிரில் வரும். 20 கி.மீ. வேகத்துக்கு மேல் அங்கே வேலை இல்லை, இருட்டிய பிறகு சுத்தமாக வேண்டாம். ஜூன் தொடக்கத்தில் கன்னிப்பூ (முதல் போக நெல்) சாகுபடிக்கு அணை திறப்பது வழக்கம். அதற்கு முந்தைய கோடை வாரங்களில் சானல் தூர்வாரும் வேலை நடந்தால் அள்ளிய சேறு கரை மேல்தான் கிடக்கும்.

வீட்டிலிருந்தே செய்ய வேண்டிய வேலை

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தை இணையத்தில் இலவசமாக இறக்கலாம். அதில் 2 செ.மீ. ஒரு கிலோமீட்டர், சமஉயரக் கோடு ஒவ்வொன்றுக்கும் இடையே 20 மீட்டர் உயரம். நீங்கள் பார்க்கும் ரோடு ஒரு சென்டிமீட்டருக்குள் மூன்று கோடுகளை வெட்டினால், 500 மீட்டர் தூரத்தில் 60 மீட்டர் ஏற்றம், அதாவது 12 சதவீதம். ஒரு கோடு மட்டும் வெட்டினால் 4 சதவீதம். கோட்டுக்கு இணையாகவே ரோடு போனால் அது சானல்கரையாகவோ அடிவார ரோடாகவோ இருக்கும். வரைபடத்தில் ரோடுகள் பழையவையாக இருக்கலாம், மேடு பள்ளம் மாறாது. அதனால் உயரத்துக்கு இந்த வரைபடத்தையும் ரோட்டுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தையும் பாருங்கள்.

கூகுள் மேப்பின் டூ வீலர் வழிகாட்டுதலை இந்தப் பகுதியில் அப்படியே பின்பற்றாதீர்கள். தூரம் குறைவு என்று அது காட்டும் குறுக்கு வழி பல சமயம் இரண்டு விளைகளுக்கு (தோட்டங்களுக்கு) நடுவே போகும் பஞ்சாயத்து காங்கிரீட் பாதையாக இருக்கும். ஸ்கூட்டர் ஏறிவிடும். ரோடு சைக்கிள் 18 சதவீதத்தில் முன்சக்கரம் தூக்கி நிற்கும்.

செயற்கைக்கோள் படத்தில் இன்னொரு தொல்லை. குலசேகரம், திற்பரப்பு, கடையாலுமூடு பக்கம் ரப்பர் மரங்கள் ரோட்டின் மேல் கூரை மாதிரி மூடியிருப்பதால், கீழே இருப்பது தாரா மண்ணா என்றே தெரியாது. ரப்பர் இலை உதிர்வது டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. கூகுள் எர்த் புரோவில் பழைய படங்களைப் பார்க்கும் வசதியைத் திறந்து, அந்த மாதங்களில் எடுத்த படத்துக்குப் போங்கள். மரம் மொட்டையாக இருக்கும், ரோடு பளிச்சென்று தெரியும். கறுப்புக் கோடு தார், வெளுத்தது காங்கிரீட், சிவந்தது மண். அதே இடத்தில் பாதை வரைந்து உயர விவரத்தையும் எடுக்கலாம். ஆனால் இந்தக் கணக்கு மர உயரத்தையும் சேர்த்துக்கொண்டு குறுகிய பள்ளங்களில் பொய்யான குத்துகளைக் காட்டும். 25 சதவீதம் என்று ஓர் ஊசி முனை தெரிந்தால், அதை சமஉயரக் கோட்டோடு ஒப்பிட்ட பிறகு நம்புங்கள்.

சைக்கிள்காரர்கள் தங்கள் பயணத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியில், அதிகம் பேர் போன ரோடுகளைப் பளிச்சென்று காட்டும் வெப்ப வரைபடம் நாகர்கோவிலைச் சுற்றி உதவும். மலையோரத்தில் அதில் மங்கலான கோடு தெரிந்தால், எவரோ நாலு பேர் போயிருக்கிறார்கள் என்பதுதான் பொருள். மலை சைக்கிளில் போனார்களா, எந்த டயரில் போனார்கள் என்று அது சொல்லாது.

நேரக் கணக்குக்கு ஒரு சுலப வழி. சமதளத்தில் மணிக்கு 22 கி.மீ. ஓட்டுகிறவர் என்றால், தூரத்தை 22 ஆல் வகுத்து, ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 6 நிமிடம் கூட்டுங்கள். 40 கி.மீ. தூரமும் 700 மீட்டர் ஏற்றமும் உள்ள சுற்றுக்கு இரண்டரை மணி நேரம் வரும். டீக்கடை நேரம் தனி.

பஸ் போகுமா என்று கேளுங்கள்

ஊருக்கு வந்த பிறகு எல்லா வரைபடத்தையும் விட நம்பகமானது அரசுப் பேருந்து. பஸ் ஓடும் ரோட்டில் தார் இருக்கும், வளைவு அகலமாக இருக்கும், ஏற்றமும் பஸ் தாங்கும் அளவுக்குள் இருக்கும். ஆறுகாணி, பத்துகாணி மாதிரி மலையோர ஊர்களுக்குக்கூட பஸ் உண்டு. டீக்கடையில் "ரோடு நல்லா இருக்குமா?" என்று கேட்டால் "நல்ல ரோடு" என்றுதான் பதில் வரும். சொல்கிறவர் பைக்கில் போகிறவர், ஏற்றம் அவருக்குக் கணக்கில்லை. "அண்ணாச்சி, இந்த வழியா பஸ் போவுமா?" என்று கேளுங்கள். அடுத்து, "சைக்கிள்ல மிதிச்சே ஏறிரலாமா, எறங்கி உருட்டணுமா?" என்று கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் உண்மையான பதில் வரும், பெரும்பாலும் சிரிப்போடு.

கிலோமீட்டர் கல்லின் தலையையும் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, விலகுங்கள். பச்சை மாநில நெடுஞ்சாலை. ஆரஞ்சுத் தலை பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது. அதன் தொடக்கத்தில் நிற்கும் பலகையில் நீளமும் பராமரிப்புக் காலமும் எழுதியிருக்கும். பராமரிப்புக் காலம் முடியாத ரோடு என்றால் பொதுவாகக் குழி குறைவு.

செங்குத்தான இடத்தில் நின்று சந்தேகம் வந்தால், காற்றடிக்கும் பம்பை ரோட்டில் நீளவாக்கில் வைத்து, அதன் மேல் போனை வைத்துச் சாய்வுமானியைப் பாருங்கள். 5 பாகை என்றால் 9 சதவீதம் அருகில், 7 பாகை 12 சதவீதம், 10 பாகை 17 சதவீதத்துக்கும் மேல்.

எங்கே கூடாரம்

வழி தேடுவது கூடாரம் போடும் இடத்திலிருந்தே தொடங்குகிறது. கீரிப்பாறை அழகான இடம், ஆனால் சைக்கிள்காரருக்கு அங்கே வந்து போக ஒரே வாய்தான். தினமும் தடிக்காரன்கோணம் வரை ஒரே ரோட்டில் இறங்கி, களைத்த காலோடு அதே ரோட்டில் ஏற வேண்டும். குலசேகரத்தைச் சுற்றி இடம் பார்த்தால் பேச்சிப்பாறை, திற்பரப்பு, திருவட்டார், பொன்மனை என்று நாலு திசையிலும் ரோடு பிரிகிறது. நாலு நாளுக்கு நாலு சுற்று கிடைக்கும். எங்கள் ஓட்டு குலசேகரத்துக்குத்தான்.

காட்டுக்குள் கூடாரம் போடுவது சட்டப்படி முடியாது. மாவட்டத்தின் மலைக்காட்டில் பெரும்பகுதி கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம். அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். தனியார் விளையில், உடைமையாளரிடம் கேட்டு, வீட்டுக்கும் கிணற்றுக்கும் பக்கத்தில் போடுங்கள். ரப்பர் மரத்தடி நிழலாகத் தெரியும், ஆனால் ரப்பர் காற்றுக்கு முறியும் மரம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் இந்த மாவட்டத்துத் தோட்டங்களைச் சாய்த்துப் போட்டதை ஊரில் யாரும் மறக்கவில்லை. மழைக்காலத்தில் மரத்தடியில் அட்டையும் கொசுவும் கூடுதல். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியும் முன்பே தலையில் விளக்கோடு வந்துவிடுவார்கள். பால் வடியச் சிரட்டை கட்டிய மரத்தில் சைக்கிளைச் சாய்ப்பதும் கயிறு கட்டுவதும் கூடாது.

சுற்றுகள்

சமமாக, கால் பழக: குலசேகரத்திலிருந்து பொன்மனை, சுருளகோடு, அருமநல்லூர் வழியாகப் பூதப்பாண்டி. இடது கைப்பக்கம் மலை கூடவே வரும். கிழக்கே போகப் போக மடிப்பு குறைந்து வயல்வெளி விரியும். திரும்பும்போது காலில் தெம்பு இருந்தால் அதே வழி, இல்லாவிட்டால் காரை பூதப்பாண்டிக்கு வரச் சொல்லுங்கள்.

சீரான ஏற்றம் வேண்டுமென்றால் பேச்சிப்பாறை அணை. விடிந்ததும் கிளம்பி, அணையைப் பார்த்துவிட்டு இறங்கினால் காலை உணவுக்குக் கூடாரத்துக்கு வந்துவிடலாம். சாவடிக்கு மேலே போகும் ஆசை வேண்டாம். சைக்கிள் சத்தமில்லாமல் வளைவு திரும்பும் வண்டி, யானைக்கும் உங்களுக்கும் ஒரே நேரத்தில்தான் அதிர்ச்சி.

கடினமானது மேற்கே. திற்பரப்பு, களியல், கடையாலுமூடு தாண்டி ஆறுகாணிப் பக்கம். ரம்பப் பல் ரோடு முழு உருவத்தில் இங்கேதான் இருக்கிறது, கேரள எல்லை பக்கத்தில். இதை முதல் நாளே முயல்கிறவர்கள் இரண்டாம் நாள் கூடாரத்தில் படுத்திருப்பார்கள்.

தயாராகக் கிடைக்கும் நீண்ட வழி ஒன்று உண்டு. சிவராத்திரியை ஒட்டிச் சிவாலய ஓட்டம் ஓடும் பாதை: திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, திருநட்டாலம். பன்னிரண்டு கோயிலையும் இணைக்கும் உள்ரோடுகள் எல்லாம் ஊர் ஊராகப் போகின்றன, குடிநீருக்கும் கடைக்கும் குறைவில்லை. முதல் கோயிலும் கடைசிக் கோயிலும் ஒரே பக்கம் என்பதால் கிட்டத்தட்ட ஒரு முழு வட்டம். ஒரே மூச்சில் போக உடம்பு இடம் கொடுக்காவிட்டால் திற்பரப்பிலிருந்து கல்குளம் வரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல பகுதி அதுதான். ஓட்டம் நடக்கும் நாளில் மட்டும் ஒதுங்கிவிடுங்கள். ஆயிரக்கணக்கானவர்கள் காவி உடுத்து இரவும் பகலும் அதே ரோட்டில் ஓடிக்கொண்டிருப்பார்கள், பின்னால் வேன்களும் வரும்.

எந்தச் சுற்றாக இருந்தாலும் செங்குத்தானதை முதல் பாதியில் வையுங்கள். கூடாரம் ஏற்றத்தின் உச்சியில் இருந்தால் கடைசி இரண்டு கிலோமீட்டர் அந்த நாளையே கெடுக்கும்.

காற்று, மழை, லாரி

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கியடித்துக்கொண்டு நுழையும். முப்பந்தலில் காற்றாலை நட்ட காரணம் அதுதான். தோவாளையிலிருந்து கிழக்கே போகும்போது 40 கி.மீ. வேகம் வரும், கால் நன்றாக இருக்கிறது என்று தோன்றும். திரும்பும்போது 14 வரும். அந்த மாதங்களில் வெயில் ஏறும் முன் காற்றை எதிர்த்துப் போய்விட்டு, பிறகு தள்ளிக்கொண்டு வரும்படி சுற்றைத் திருப்பிப் போடுங்கள். உயர விளிம்புள்ள சக்கரத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள், பக்கக் காற்று ஹேண்டிலைப் பிடுங்கும்.

இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை ரோடு காய்ந்திருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்குப் பிறகு இடிமழை வரும், ஒரு மணிக்குள் கூடாரம் திரும்புங்கள். அக்டோபர், நவம்பரில் சப்பாத்தின் (தரைப்பாலத்தின்) மேல் தண்ணீர் ஓடினால் கணுக்கால் ஆழம்தானே என்று இறங்காதீர்கள். அடியில் பாசி இருக்கும், மெல்லிய டயர் ஒரு நொடியில் வழுக்கும். காங்கிரீட் ஏற்றங்களிலும் நிழல் விழும் ஓரத்தில் பச்சைப் பாசி படியும். சக்கரம் பட்டுப் பளபளக்கும் நடுத்தடத்திலேயே போங்கள். உதிர்ந்த ரப்பர் இலை நனைந்தால் அதே வழுக்கல்.

கேரளம் நோக்கிப் போகும் பெரிய ரோடுகளில் கல்லும் மணலும் ஏற்றிய டாரஸ் எனும் கனரக லாரிகள் ஓயாது. பள்ளி நேரமான எட்டு முதல் ஒன்பதரை வரை ஊர் முக்குகளில் ஆட்டோவும் வேனும் நெருக்கும். ஞாயிறு விடியலில் ரோடு காலி, ஆராதனை முடியும் நேரத்தில் தேவாலய வாசல்களில் நடந்துதான் போக வேண்டும். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் திற்பரப்பு வழியை நிறைக்கும்.

சைக்கிளில் என்ன மாற்றுவது

மிதிக்கும் இடத்துப் பல்சக்கரம் 34 பல், பின்னால் உள்ள பல்சக்கரங்களில் பெரியது 32 அல்லது 34 பல். மனிதரும் சைக்கிளுமாக 80 கிலோ என்று வைத்தால், 34க்கு 34 போட்டு 12 சதவீதத்தில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்க ஏறக்குறைய 210 வாட் போதும். பழைய 39க்கு 25 என்றால் அதே மிதிக்கு 320க்கு மேல் வேண்டும். அதை இரண்டு மடிப்புக்குத் தாங்கலாம், இருபதுக்கு முடியாது. முழங்கால் வலி இங்கேதான் தொடங்கும்.

டயர் 28 மி.மீ.க்குக் குறையக் கூடாது, 32 நுழைந்தால் இன்னும் நல்லது. 70 கிலோ எடைக்காரர் 28இல் முன்னால் 70, பின்னால் 75 பி.எஸ்.ஐ. வைக்கலாம். 32 என்றால் 55, 60 போதும். காற்றை இறுக அடித்துக்கொண்டு வந்தால் காங்கிரீட் பலகைகளின் இணைப்பில் ஒவ்வொரு தட்டும் மணிக்கட்டுக்கு வரும்.

பையில் இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டு, சங்கிலி இணைப்பி, பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் ஒன்று கட்டாயம். உங்கள் சைக்கிளுக்கான ஹேங்கர் மலையோரக் கடையில் கிடைக்காது, நாகர்கோவிலில்கூட ஆர்டர் செய்து காத்திருக்க வேண்டிவரலாம். மெல்லிய பிரஸ்டா வால்வு என்றால் அதற்கான பித்தளை அடாப்டரையும் போடுங்கள். பஞ்சர் கடைகளின் குழாய் பைக் வால்வுக்கானது. கம்ப்ரசரில் நேரடியாக அடிக்கக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்காதீர்கள், கண் மூடித் திறப்பதற்குள் 120ஐத் தாண்டி டியூப் வெடிக்கும். பாதிக்கு அடித்து மீதியைக் கைப்பம்பில் முடிப்பது நல்லது.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை, முக்குக்கு முக்கு பழக்குலை தொங்கும். மட்டிப்பழம் வயிற்றுக்கு இதம், ஆனால் தோல் மெல்லியது, சட்டைப் பையில் வைத்தால் கூழாகிவிடும். கடையிலேயே நின்று நாலைத் தின்றுவிட்டு, வழிக்கு ஏத்தம்பழத்தை (நேந்திரம்பழத்தை) எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் முக்கால் லிட்டர் போத்தல் இரண்டு.

மலையோரப் பள்ளங்களில் போன் சிக்னல் அறுந்துவிடும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்து, போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் விளை உடைமையாளரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அவசரத்துக்கு 108. மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளத்தில் இருக்கிறது.